சிங்கராஜவின் ஆதி உயிர்களும் கலவானவின் காணியற்ற மனிதர்களும்

1955ஆம் ஆண்டு எட்வர்ட் ஓ. வில்சன் என்ற ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு எறும்பைத் தேடி இலங்கைக்கு வந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற உயிரியலாளரான அவர் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அவர் தேடிய எறும்பின் அறிவியல் பெயர் அனியூரீட்டஸ் சிமோனி. 1893இல் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதன் பிறகு அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. கண்டியில் உடவத்தகலைக் காட்டில் தேடினார், கிடைக்கவில்லை. இரத்தினபுரிக்கு வந்து கிலிமலைக் காட்டில் உக்கிய மரத்துண்டுகளைக் கிளறியபோதுதான் கிடைத்தது.

மஞ்சள் நிறம், சில மில்லிமீற்றர் நீளம். கூட்டுக்கு நூறு வரையிலான எறும்புகள். பார்த்தால் யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால், இந்த எறும்பின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கல்லாகிவிட்டவர்கள். ஐரோப்பாவின் பால்டிக் கரையில் கிடைக்கும் அம்பர் பிசினுக்குள்ளும் அமெரிக்காவின் கொலராடோ பாறைகளுக்குள்ளும் மூன்று, நான்கு கோடி ஆண்டுகளுக்கு முந்திய அவற்றின் உடல்கள் உள்ளன. ஒரு காலத்தில் உலகின் பாதிக்குப் பரவியிருந்த உபகுடும்பம் ஒன்றில் இன்றைக்கு உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம். அதுவும் இலங்கையில் மட்டும், பெரும்பாலும் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில்.

ஆதிகால விலங்கு என்றால் 1938இல் தென்னாபிரிக்கக் கடலில் பிடிபட்ட சீலக்காந்து மீனைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்லும். டைனோசர்களோடு அழிந்துபோனதாக நம்பப்பட்ட மீன் அது. தமிழகத்துக்குப் பக்கத்தில் கேரளத்தின் இடுக்கி மலைகளில் 2003இல் அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளையையும் சொல்லலாம். அதன் மிக நெருங்கிய உறவினர்கள் இந்துசமுத்திரத்தின் நடுவே சீசெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியத் தட்டு உடைந்து வடக்கே நகர்ந்துவந்த கதைக்கு அந்தத் தவளை ஒரு சாட்சி. அதே தட்டில் பயணம் செய்துவந்த இன்னொரு வம்சம் நம் நாட்டிலும் உண்டு. கால் இல்லாமல் பெரிய மண்புழுவைப் போலத் தோன்றும் சிசிலியன்கள். உண்மையில் அவை தவளைகளின் உறவினர்கள். 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த சரசின் குடும்பத்து ஆய்வாளர்கள், தாய் தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் கிடப்பதைப் பார்த்து எழுதினார்கள்.

கலவானையில் இருக்கும் என் பெரியம்மாவிடம் தொலைபேசியில் படம் காட்டிக் கேட்டேன். "இதுவா? கான் வெட்டுறப்ப வரும் புள்ள. பாம்புன்னு நெனச்சு வெட்டிப் போட்டுருவோம்" என்றார். பல கோடி ஆண்டு தப்பிப் பிழைத்த உயிர் தேயிலை மலையின் வடிகானில் மண்வெட்டியால் சாகிறது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இந்த உயிர்களுக்குத் தமிழில் நமக்குத் தெரிந்த பெயர்கூட இல்லை. சொல்லித் தர யாரும் அந்த லயத்துக்குப் போனதும் இல்லை.

இதே இரத்தினபுரி மண் தப்பாதவர்களின் கணக்கையும் வைத்திருக்கிறது. மாணிக்கக்கல் குழிகளில் கிடைத்த பற்களையும் எலும்புகளையும் வைத்து, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல இங்கே ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் வாழ்ந்தன என்று நிறுவினார். சிங்கத்துக்கு ஆதாரம் குருவிட்டவில் கிடைத்த பற்கள். கொடியில் வாளேந்தி நிற்கும் விலங்கு இந்த மண்ணில் எப்போதோ அழிந்துபோனது. எஞ்சியது எறும்பு. பலத்தினால் எஞ்சவில்லை. நிழலும் ஈரமும் உக்கும் மரமும் அறுந்துபோகாத ஓரிடம் அதற்குத் தொடர்ந்து இருந்தது, அவ்வளவுதான்.

வன்னி வாசகர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்கக்கூடும். வனத் திணைக்களம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எல்லைக்கல். போரில் இடம்பெயர்ந்து பத்து, இருபது வருடங்கள் கழித்துத் திரும்பிப் போனால் வயலில் பற்றை வளர்ந்திருந்தது. அதைக் காடு என்று வரைபடத்தில் பச்சை அடித்திருந்தார்கள். 1990இல் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்கள் இருந்த மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி 2012 ஒக்டோபரில் வனமாக வர்த்தமானியில் வந்தது. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இதே கதையைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே "காட்டைக் காப்போம்" என்ற வாசகம் நம் காதில் "காணியை விடு" என்றே விழுகிறது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு.

ஆனால், அந்தச் சந்தேகத்தை அப்படியே கலவானைக்குக் கொண்டுபோக முடியாது. உழுத வயலில் போர்க்காலத்தில் முளைத்த வீரையும் பாலையும் வேறு. சிங்கராஜ வேறு. வன்னிக் காட்டுக்குள்ளே நடந்தால் பழைய குளக்கட்டும் கற்தூணும் காலில் தட்டும். சிங்கராஜவின் நடுக்காட்டில் தட்டுப்படுவது வேறு எங்கும் இல்லாத பல்லிகள். முகத்தில் கட்டியும் முதுகில் முள்வரிசையும் கொண்ட லைரியோசெபாலஸ் என்ற ஓணான், தன் பேரினத்தில் தனியாக நிற்கும் ஒன்று. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் கடல் வற்றித் தரைவழி பலமுறை இருந்திருக்கிறது. கடைசியாக அது மூழ்கியது ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்தான். அப்படியிருந்தும் இங்கத்தைய மழைக்காட்டு விலங்குகள் பல மேற்குத்தொடர்ச்சி மலை விலங்குகளோடு கலக்கவேயில்லை என்று 2004இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இடையில் இருந்த வறண்ட நிலத்தை அவற்றால் கடக்க முடியவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. வறண்ட சமவெளியைக் கடக்காத விலங்கு வெயில் காயும் தேயிலை மலையையும் எளிதில் கடக்காது. சிங்கராஜவைச் சுற்றித் தெல்வல, வலன்கந்த, தெல்கொட என்று காட்டுத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே தேயிலை, இறப்பர், சிறுதோட்டங்கள். 2019இல் இந்தத் துண்டுகளைச் சேர்த்து சிங்கராஜவின் எல்லையை சுமார் 36 ஆயிரம் ஹெக்டேயராக விரிக்கும் வர்த்தமானி வந்தது. உலக மரபுரிமைப் பட்டியலில் 1988இல் சேர்ந்த பரப்பு 8,864 ஹெக்டேயர்தான். சூழலியல்படி பார்த்தால் இது சரியான நடவடிக்கை. என் கேள்வி வேறு. துண்டுகளை இணைக்க நாளை நிலம் தேவைப்படும்போது யாருடைய நிலம் எடுக்கப்படும்?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உரிமையை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை ஆக்கியது. அப்படிப் பெற்ற மலைகளில்தான் கோப்பியும் பிறகு தேயிலையும் வந்தன. அந்த மலைகளில் வேலைசெய்யத்தான் நம் ஆட்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். அதே தரிசு நிலச் சட்ட மரபின் கீழேதான் 1875 மே 3ஆம் திகதி சிங்கராஜ ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டது. உலகின் மிகப் பழைய உயிர்கள் சில வாழும் இடத்துக்குச் சட்டம் வைத்த பெயர் "தரிசு". காட்டின் எல்லையும் லயத்தின் வரிசையும் ஒரே பேனாவில் எழுதப்பட்டவை. ஒருவருக்கொருவர் எதிரி என்று இப்போது காட்டப்படும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக சிங்கராஜவுக்குள் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டினார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. இலங்கையில் சூழலுக்காக நடந்த முதல் பெரிய மக்கள் போராட்டங்களில் அது ஒன்று. 1977இல் மரவெட்டு நின்றது. அதே 1977 ஓகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்முறை சப்ரகமுவ தோட்டங்களுக்கும் பரவியது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் மறுபடி எரிந்தன. மரங்களுக்காகக் குரல் எழுப்பியவர்கள் நல்லவர்கள்தான், அவர்கள் இல்லாவிட்டால் இன்று அந்தக் காடு இல்லை. லயங்களுக்காக அந்த அளவு குரல் எழவில்லை என்பதையும் பதிவுசெய்யாமல் போக முடியாது.

என் அம்மாவின் குடும்பம் 1977இல் கலவானைப் பக்கத்திலிருந்து புறப்பட்ட குடும்பங்களில் ஒன்று. டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் இயக்கம் அப்படிப் போனவர்களை வவுனியா எல்லையில் குடியமர்த்தியது. பிறகு நடந்தது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குத் தெரியும். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ட் பாம் குடியேற்றங்களிலிருந்து மக்கள் விரட்டப்பட்டார்கள். முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் மலையக வழிவந்தவர்கள் ஏராளம். மீண்டு வந்தபோது அவர்களிடம் மறுபடியும் காணி உறுதி இல்லை. பெரியம்மா குடும்பம் மட்டும் கலவானையிலேயே தங்கிவிட்டது. அவர்களிடமும் உறுதி இல்லை.

இன்றைய நிலவரம் இதுதான். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசுடையது, குத்தகை 53 வருடம், 2045 வரை. தொழிலாளி குடியிருக்கும் லயம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவாயிலான குடாவைக்குப் போகும் வழியில் இருபுறமும் பார்த்தால், கிராமத்தவர்களின் சிறுதேயிலைத் தோட்டங்கள் செழிப்பாக நிற்கும். அவர்களுக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ ஏதோ ஒரு கடுதாசி உண்டு. காட்டுப் பாதைக்காக நிலம் எடுத்தால் அவர்கள் நட்டஈடு கேட்கலாம், வழக்குப் போடலாம். லயத்தில் இருப்பவர் எதைக் காட்டுவார்?

மழை இந்தக் கேள்வியை அவசரமாக்கிவிட்டது. 2016 மேயில் அரநாயக்க, 2017 மேயில் கலவானை உட்பட இரத்தினபுரி முழுவதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாடு முழுவதும் என்று மண் சரிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் "பாதுகாப்பான இடத்தில் காணி தருவோம்" என்கிறார்கள். பாதுகாப்பான காணி யாரிடம் இருக்கிறது? கம்பனியிடம் அல்லது வனத் திணைக்களத்திடம். கம்பனி விளைச்சல் தரும் சமநிலத்தை விடத் தயங்கும். அடுத்ததாகக் கண் காட்டின் ஓரத்துக்குப் போகும். அப்போது "காட்டை அழிக்கும் தோட்டத் தமிழர்" என்றொரு தலைப்பு எழுதப்படும். நமது ஆட்களும் "மனிதனை விட எறும்பு பெரிதா" என்று பதில் எழுதுவார்கள். இரண்டுமே கம்பனிக்கு வசதியான சண்டை.

என் கணிப்பில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆள் பற்றாக்குறையால் கைவிடப்பட்டு புல் மண்டிய தேயிலை மலைகள் சப்ரகமுவவில் எங்கும் கண்ணில் படுகின்றன. அவற்றில் செங்குத்தானவை காட்டுத் துண்டுகளை இணைக்கப் போகலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று சொல்லும் இடங்கள் உறுதியோடு குடும்பங்களுக்குப் போகலாம். இரண்டும் ஒரே வரைபடத்தில், ஒரே மேசையில் பேசப்படவேண்டியவை. சூழல் அமைப்புகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் பேசுகின்றன. மலையகக் கட்சிகள் சம்பளத்தையும் வீட்டையும் பற்றித் தமிழில் மறுபக்கம் பேசுகின்றன.

பணத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் பிடித்து வெளியே கொண்டுபோக முயன்ற இரண்டு இத்தாலியருக்கு 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் 6 கோடி ரூபா. முகத்தில் கட்டியுள்ள அந்த ஓணானையும் கொம்பு மூக்கு ஓணான்களையும் 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விற்க இவற்றுக்குச் சந்தை இருக்கிறது. அதே 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. காட்டோரத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் வீட்டுக்கு யாராவது வந்து "ஒரு ஓணான் பிடித்துத் தா" என்று காசை நீட்டினால் என்ன நடக்கும்? காவலாளி நடந்து பார்க்க முடியாத தூரம் முழுவதும் தினம் நடந்துகொண்டிருப்பவர்கள் இந்தத் தொழிலாளர்கள். அவர்களைக் காவலுக்குச் சேர்ப்பதா, கடத்தல்காரனிடம் விடுவதா என்பது வனத் திணைக்களத்தின் தெரிவு. குடாவைக் கிராமத்து இளைஞர்கள் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். அந்த ஏற்பாடு லயத்துப் பிள்ளைகளுக்கும் எட்டவேண்டும்.

பெரியம்மாவிடம் காட்டுக்குள் போயிருக்கிறாரா என்று கேட்டேன். "வெறகுக்குப் போவோம். இப்ப விடமாட்டாங்க. தேயில மிளாறுதான் எரிக்கிறோம்" என்றார். எறும்புக் கதையைச் சொன்னேன். நம்பவில்லை, சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உக்குன கட்டைய அப்ப எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

2019 வர்த்தமானியின் எல்லை விபரம் எந்தெந்தத் தோட்டப் பிரிவுகளைத் தொடுகிறது, அவற்றில் எத்தனை லயக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களிடம் தமிழில் ஏதாவது அறிவிக்கப்பட்டதா? இந்த மூன்றையும் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். கலவானை, இறக்குவானைப் பக்கத்து வாசகர்கள் யாரிடமாவது எல்லைக்கல் நட்டபோது எடுத்த படமோ கடிதமோ இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.