“வேணாம்”னு சொன்னா விட்டுடுறதா?! - காதலில் செல்லம் கொஞ்சுறது ரெட் ஃப்ளாகா?

காஞ்சிபுரம் பக்கத்துல மாகறலில் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். “சாப்பிடுறியாப்பா?”னு அத்தை கேட்பாங்க. வயிறு கத்தும். ஆனாலும் வாய், “வேணாம் அத்தை, இப்பதான் சாப்பிட்டேன்”னு சொல்லும். அத்தை அதைக் காதுலயே வாங்க மாட்டாங்க. அடுத்த நிமிஷம் தட்டு வந்துடும். நாம எதிர்பார்த்ததும் அதைத்தானே!

இதே ‘வேணாம்’ அமெரிக்காவில் எடுபடவில்லை. 1950-ல் அங்கே போன ஜப்பானிய மனநல மருத்துவர் டகேயோ டோய், ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். “பசிக்குதா? ஐஸ்க்ரீம் இருக்கு” என்று கேட்டார்கள். நல்ல பசி. ஆனாலும் பழக்கதோஷத்தில் மறுத்துவிட்டார். இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்திருந்தார். கேட்கவே இல்லை!

‘நான் சொல்லாமலே என்னைப் புரிஞ்சுக்கணும், என் அடத்தைப் பொறுத்துக்கணும்’ என்ற இந்த எதிர்பார்ப்புக்கு ஜப்பானிய மொழியில் ‘அமயே’ என்று பெயர். ‘இனிப்பு’ என்ற சொல்லோடு உறவுள்ள வார்த்தை. இதை வைத்து டோய் 1971-ல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

நமக்குப் புதுசா என்ன?

செல்லம் கொஞ்சுறது, உரிமை எடுத்துக்கிறது, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறது... நம்மகிட்ட இல்லாததா? திருக்குறளின் கடைசி 3 அதிகாரங்களும் ஊடலைப் பற்றித்தான். திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று சாமிக்கும் அம்மனுக்குமே திருவூடல் நடக்கும். அதன் பெயரிலேயே அங்கே ஒரு தெரு இருக்கிறது.

ஆனால், ரீல்ஸைத் திறந்தால் வேற கதை. “பார்ட்னரைச் சார்ந்திருக்கியா? ரெட் ஃப்ளாக்!” என்கிறார்கள். சாஞ்சுக்கிறதே தப்பு என்கிற மாதிரி.

அப்படி இல்லை. ஜப்பான், அமெரிக்கா இரண்டு நாட்டிலும் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. நெருங்கிய நண்பர் கொஞ்சம் ‘ஓவரான’ உதவியை நம்மிடம் கேட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. நம்மை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போய்க் கேட்பதைவிட, நம்மிடமே கேட்பதுதான் சந்தோஷம் என்றார்கள் இரு நாட்டினரும். ‘என்கிட்ட கேட்கிற உரிமை உனக்கு இருக்கு’ என்பதும் அன்புதான்.

அப்போ எங்க இடிக்குது?

ஒரே ஆள் சாய்ந்துகொண்டே இருக்க, இன்னொருவர் தாங்கிக்கொண்டே இருக்கும்போதுதான். ஜப்பானில், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலேயே மனைவியை ஒட்டிக்கொண்டு திரியும் கணவர்களை ‘ஈரச் சருகு’ என்று கிண்டல் செய்வார்கள். பெருக்கினாலும் போகாதாம்! சிரிப்புக்குப் பின்னால் பல வருட அலுப்பு இருக்கிறது. 2007 ஏப்ரலில் அங்கே ஒரு சட்டம் வந்தது. விவாகரத்தானால், திருமண வாழ்க்கையின்போது சேர்ந்த கணவரின் ஓய்வூதியப் பங்கில் பாதிவரை மனைவி பெறலாம். தாங்கினதுக்கும் கணக்கு உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி.

நம்ம கணக்கு? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். “என் புள்ளைக்கு ஒரு காபிகூடப் போடத் தெரியாது” என்று அம்மா பெருமையாகச் சொல்வதை, கல்யாணத்துக்கு அப்புறம் இன்னொருத்தி சுமக்கிறாள்.

காஞ்சிபுரம் தறியிலும் இதைப் பார்க்கலாம். உடலும் கரையும் வேற வேற நிறமா இருக்கிற கோர்வைச் சேலையைக் கைத்தறியில் வழக்கமா இரண்டு பேர் சேர்ந்துதான் நெய்வார்கள். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொடுப்பார். ஒரு காலத்தில் சின்னப் பசங்க செய்த வேலை. இப்போது பல வீடுகளில் மனைவி செய்கிறார். அவர் இல்லாமல் கரை சேராது. ஆனால், ‘நெசவாளர்’ என்று யாரைக் கேட்டாலும் கை நீள்வது கணவரின் பக்கம்தான்.

உங்க உறவு எப்படி? செக் பண்ணுங்க!

* போன வாரம் நீங்க அடம்பிடிச்சீங்க. இந்த வாரம் அவங்க அடம்பிடிக்க முடியுதா?
* “இன்னைக்கு என்னால முடியல”னு அவங்க சொன்னா, வீட்டுல சண்டை வருதா, சாப்பாடு வருதா?
* நீங்க சாஞ்சுக்கிறது செய்யத் தெரியாததாலயா, இல்ல தெரிஞ்சும் ஆசைக்காகவா?

மூணாவது ரொம்ப முக்கியம். காபி போடத் தெரிஞ்சவர், “நீ போட்டாதான் நல்லா இருக்கு”னு சொன்னா அது செல்லம். தெரியாமலே 30 வயசைத் தாண்டினவர் சொன்னா அது வேலை வாங்குறது.

ஊடல் உணவில் போடும் உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்கிறார் வள்ளுவர். செல்லமும் அப்படித்தான். அதனால, இன்னைக்கு ராத்திரி அவங்க “எனக்கு எதுவும் வேணாம், பரவாயில்ல”னு சொன்னா, அப்படியே விட்டுடாதீங்க பாஸ். இன்னொரு தடவை கேளுங்க. அப்புறம் எழுந்து போய், நீங்களே செஞ்சு கொண்டுவாங்க!