மோதி பாக் குடிமக்களுக்குரிய சபை எது?

தில்லி மாநகரின் ரிங் ரோடு தென்மேற்கே வளைந்து செல்லும் இடத்தில், மத்திய அரசாங்கக் குவார்ட்டர்ஸுகளும், அவற்றினிடையே பூங்காக்களும் கடைகளும், 1707-ஆம் ஆண்டில் குரு கோவிந்த சிங் முகாமிட்ட இடமென்று சீக்கியர்கள் போற்றும் குருத்வாராவும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்றும், பொறியாளர் விசுவேசுவரையாவின் பெயர் தாங்கி 2018-ல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் அருகருகே அமைந்த மோதி பாக், ஒரு சிறு நகரத்துக்கு வேண்டிய லட்சணங்கள் அனைத்தும் பெற்ற பகுதியாகும். உத்தியோக நிமித்தம் தலைநகருக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயும் அடுத்துள்ள ராமகிருஷ்ணபுரத்திலும் வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஓய்வு பெற்றுச் சென்றிருக்கின்றன. ஆயினும், தமிழ்நாட்டின் மிகச் சிறிய பேரூராட்சிக்கும் சட்டம் வழங்கியிருக்கும் ஒன்று மோதி பாக்கின் கணிசமான பகுதிக்கு இல்லை. தெரு விளக்கு எரியாவிட்டாலும், குழாயில் கலங்கல் நீர் வந்தாலும், வாசலிலேயே நிறுத்திக் காரணம் கேட்கத்தக்க, அப்பகுதி மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு வார்டு உறுப்பினர் அங்கே கிடையாது.

ரிங் ரோடுக்கு உட்புறமுள்ள மோதி பாக் புது தில்லி நகராட்சி மன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. வெளிப்புறமுள்ள தென் மோதி பாக், அதாவது நானக்புரா, தில்லி மாநகராட்சியைச் சேர்ந்தது. மேற்கே சிறிது தூரம் சென்றால் கன்டோன்மென்ட் போர்டின் எல்லை வந்துவிடுகிறது. ஏகாதிபத்திய அரசாங்கம் தன் புதிய தலைநகரைக் கட்டுவிப்பதற்காக 1913-ல் அமைத்த குழுவிலிருந்து வளர்ந்து, 1927-ல் புது தில்லி நகராட்சிக் கமிட்டி என்ற பெயரைப் பெற்ற ஸ்தாபனமே இன்றைய நகராட்சி மன்றம். சுமார் 43 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களும் கொண்ட இந்த எல்லையை ஆளும் மன்றத்தின் தலைவரை மத்திய அரசாங்கம் நியமிக்கிறது; அதிகாரிகள் சிலரும், அப்பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களும், நாடாளுமன்ற உறுப்பினரும் மன்றத்தில் இடம் பெறுகிறார்கள்; நகரக் காரியங்களுக்கென்றே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் அதில் இல்லை. நகராட்சிகளின் இடங்கள் நேரடித் தேர்தலால் நிரப்பப்படுவதே பொது விதி என்று வகுத்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் மாதத்தில் அமலுக்கு வந்திருக்க, அதற்கு அடுத்த ஆண்டிலேயே நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்த நியமன முறையை நிலைநிறுத்தியது என்பது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயம்.

இந்த நியமன ஸ்தாபனத்தின் பணி மோசமானது என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். மின்சாரத்தையும் குடிநீரையும் அதுவே விநியோகிக்கிறது. மோதி பாக்கில் சரக் பாலிகா மருத்துவமனையை நடத்துகிறது. அதன் சாலைகளும் மரவரிசைகளும் தில்லியின் ஏனைய பகுதிகள் ஏங்கத்தக்க நிலையில் இருக்கின்றன. ஆனால் நற்பணி வேறு, அப்பணியைக் கேட்டுப் பெறும் உரிமை வேறு. நல்ல அதிகாரி வாய்த்த ஆண்டில் சுத்தமாக இருந்து, அவர் மாற்றலாகிச் சென்ற ஆண்டில் சீர்கெடும் தெருவில் குடியிருப்பவன், இரண்டு நிலையையும் தன்னால் தீர்மானிக்க இயலாத வானிலையைப் போலவே ஏற்றுக்கொள்ளப் பழகிவிடுகிறான். ஜனநாயகத்தின் அடிப்படைக்கு இதைவிட ஊறு விளைவிக்கும் பழக்கம் பிறிதில்லை.

குறை சொல்லப் புகுந்தவனின் அனுபவத்தைக் கவனித்தால் இது இன்னும் விளங்கும். குவார்ட்டர்ஸுக்குள் சுவரில் நீர் கசிந்தால் மத்தியப் பொதுப்பணித் துறையின் என்கொயரி ஆபீஸில் புகார் எழுத வேண்டும். அதே நீர் தெருக்குழாயில் கசிந்தால் நகராட்சி மன்றத்துக்குப் போக வேண்டும். அந்த நீரே போதுமான அளவு வரவில்லையென்றால், மன்றத்துக்கு மொத்தமாக நீர் வழங்கும் தில்லி ஜல் போர்டின் வாசலில் விஷயம் போய் நிற்கும். வீட்டின் அலாட்மென்ட் எஸ்டேட் இயக்ககத்தைச் சேர்ந்தது. ரிங் ரோடு தில்லி அரசின் பொதுப்பணித் துறையுடையது. பட்டுப்போன மரத்தை வெட்ட 1994-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு காரியாலயமும் தன் எல்லைக்குள் தன் கடமையைச் செய்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், இந்த எல்லைகள் சந்திக்கும் இடங்களில் தேங்கும் நீருக்கும் குவியும் குப்பைக்கும் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. ஓர் ஊரில் வார்டு உறுப்பினர் என்பவரின் முதற் பயன், எந்தத் துறையின் குற்றமாயினும் அதைத் தன் குற்றமென்று கேட்டுக்கொள்ளும் ஒரு மனிதர் அங்கே இருக்கிறார் என்பதுதான்.

இங்கே வசிப்பவர்களின் நிலையில் மற்றொரு விசேஷம் உண்டு. 1964-ஆம் ஆண்டின் மத்திய சிவில் பணி நடத்தை விதிகளின்படி, அரசாங்க உத்தியோகஸ்தர் எந்தச் சட்டசபைத் தேர்தலிலோ ஸ்தல ஸ்தாபனத் தேர்தலிலோ பிரசாரம் செய்யக் கூடாது. கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது. வாக்களிக்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. மற்றக் குடிமக்களுக்குப் பல வழிகள் திறந்திருக்க, இவருக்குத் திறந்திருக்கும் ஒரே வழி வாக்குச்சாவடி. அந்த ஒற்றை வழியையும் ஸ்தல சுயாட்சியின் அளவில் அடைத்துவிட்டால், நாட்டின் நிர்வாகத்தையே தம் கைகளால் நடத்தும் இம்மக்கள் தம் தெருவின் நிர்வாகத்தில் மட்டும் அந்நியராகிவிடுகிறார்கள்.

இதன் விளைவை 2018 ஜூன் மாதத்தில் நாடே பார்த்தது. மோதி பாக்குக்கு அண்மையிலுள்ள சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசாங்கக் குடியிருப்புகளை இடித்து, உயர்ந்த கட்டடங்களாக மீண்டும் கட்டும் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2016 ஜூலையிலேயே ஏற்றிருந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் அதற்காக வெட்டப்பட இருக்கின்றன என்பது பரவலாக விளங்கியபோது, மக்கள் தெருவில் இறங்கி மரங்களைக் கட்டித் தழுவி நின்றார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு வெட்டுவதை நிறுத்தி வைத்தது. புதிய வீடுகள் தேவை என்பதில் ஐயமில்லை. எத்தனை மரங்கள், எத்தனை மாடிகள், எத்தனை வாகனங்கள், எவ்வளவு நீர் என்ற கேள்விகள், அப்பகுதி மக்களின் பிரதிநிதிகள் அமர்ந்த சபையில் இரண்டாண்டுகள் முன்னரே எழுந்திருக்க வேண்டியவை. சபை இல்லாத இடத்தில் தெருவும் நீதிமன்றமும் சபையாகிவிடுகின்றன.

அப்படியானால், வாக்குரிமை உள்ள ரிங் ரோடின் மறுபுறம் நிலைமை மேலானதா என்று வாசகர் கேட்கக்கூடும். 2012-ல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட தில்லி மாநகராட்சி 2022 மே 22-ஆம் தேதி மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. வார்டுகள் 272-லிருந்து 250 ஆகக் குறைந்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேர்தல் நடந்தது. நியமன உறுப்பினர்கள் மேயர் தேர்தலில் வாக்களிக்கலாமா என்ற தகராறில் கூட்டங்கள் அடுத்தடுத்துக் கலைந்து, வாக்களிக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே 2023 பிப்ரவரி 22-ல் மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு அனுமதி வழங்க வேண்டியிருந்த நிலைக்குழுவோ 2025 ஜூன் மாதத்தில்தான் முழு உருப்பெற்றது. மக்கள் வாக்களித்து இரண்டரை ஆண்டுகள் ஆகியும், மாநகராட்சியின் பெருஞ்செலவுகளைப் பரிசீலிக்கும் அங்கமே இல்லாமல் அந்த மகா ஸ்தாபனம் நடந்தது. கட்சிகளின் பலப்பரீட்சையில் நானக்புரா வாசியின் சாக்கடை எந்தத் தரப்புக்கும் முக்கியமான பொருளாக இருக்கவில்லை.

அதன் விலை எத்தகையது என்பதை 2024-ஆம் ஆண்டின் மழைக்காலம் காட்டியது. ஜூன் 28-ஆம் தேதி காலையில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான 24 மணி நேர மழை 228 மில்லிமீட்டர். தில்லி நம்பியிருந்த வடிகால் பெருந்திட்டமோ 1976-ஆம் ஆண்டினது. அடுத்த மாதம் 27-ஆம் தேதி, பழைய ராஜேந்திர நகரில் தெருவில் பெருகிய வெள்ளம் ஒரு பயிற்சி நிலையத்தின் அடித்தள நூலகத்தில் புகுந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்த மூன்று மாணவர் உயிரைக் கொண்டது. வடிகால்களைப் பல துறைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கும் நகரில், தூர் வாரவில்லை என்ற குற்றம் யாரைச் சார்ந்தது என்று கண்டறிவதே பெரும்பாடாகி, இறுதியில் உயர் நீதிமன்றம் அவ்விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்புவித்தது.

ஆகவே, சாலையின் ஒருபுறம் பிரதிநிதித்துவம் அற்ற திறமை, மறுபுறம் செயலற்ற பிரதிநிதித்துவம் என்ற இரண்டுமே குறைபாடுடையவை. ஜனாதிபதி மாளிகையும் நாடாளுமன்றமும் அயல்நாட்டுத் தூதரகங்களும் உள்ள பகுதியை வார்டு அரசியலுக்கு விட்டுவிடலாமா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அந்த ஆட்சேபத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அதற்கு உலக அனுபவம் விடை சொல்லியிருக்கிறது. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மேயரும் நகர சபையும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்; அத்துடன், சுமார் இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் வீதம் தேர்ந்தெடுக்கப்படும் அண்டைவாசிகளின் ஆலோசனைக் குழுக்கள் அமைக்கப்பட்டு, அவற்றின் அபிப்பிராயத்துக்கு நகர அரசின் துறைகள் மிகுந்த மதிப்பளித்தே தீர வேண்டுமென்று சட்டமே விதித்திருக்கிறது. அதனால் வெள்ளை மாளிகைக்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

1882-ஆம் ஆண்டில் ஸ்தல சுயாட்சிக்கு வித்திட்ட தீர்மானத்தில், நிர்வாகம் செம்மையுறும் என்பதற்காக மட்டுமன்று, மக்கள் அரசியல் பயிற்சி பெற வேண்டும் என்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு ஸ்தல ஸ்தாபனங்கள் அமைய வேண்டுமென்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு கருத்துரைத்தார். அவர் பெயரால் சென்னை மாநகராட்சியின் வெண்ணிற மாளிகை நிற்கிறது. அதே மாளிகையில் 2016 இறுதி முதல் 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கூடவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. இக்குறை தில்லிக்கு மட்டும் உரியதன்று.

இனி, தில்லியில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பாகிதாரி திட்டம் குடியிருப்போர் நலச் சங்கங்களை அரசாங்கத்தோடு ஒரே மேசையில் அமர்த்தியது மெய்தான். ஆனால் சங்கத்தில் இடம்பெறுபவர் யார்? குவார்ட்டர்ஸின் பெயர்ப்பலகையில் பெயருள்ளவர் மட்டும்தானே! பின்கட்டில் குடியிருந்து வீட்டு வேலை செய்பவரும், துணி தேய்ப்பவரும், காய்கறி வண்டி தள்ளுபவரும் அப்பகுதியின் வாசிகள் அல்லரா? ஜங்புராவின் மதராசி கேம்பில் பல்லாண்டுகள் வாழ்ந்த தமிழ் உழைப்பாளர்களின் சுமார் 370 வீடுகள், பாராபுல்லா வடிகாலைச் சீராக்குவதற்காக உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவர்கள் என்று 189 குடும்பங்களே ஏற்கப்பட்டு, வடகோடியிலுள்ள நரேலாவுக்கு அனுப்பப்பட்டன. வடிகால் சீராக வேண்டியது பொது நன்மையே. எனினும் அதைத் தீர்மானித்த பல அலுவலகங்களில் எங்கேனும், அந்த மக்கள் உரிமையோடு எழுந்து பேசத்தக்க ஒரு சபை இருந்திருந்தால், இடிப்புக்கு முன்னரே எல்லோருக்கும் மாற்றிடம் முடிவாகியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் படிப்பும் கணக்கில் வந்திருக்கும். வாடகைதாரர், வேலையாள், வியாபாரி எல்லோரையும் வாசியென்று ஏற்றுக்கொள்ளாத சபை, எத்தனை சுறுசுறுப்பாக இயங்கினாலும், பாதி ஊரின் சபையாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. கிராம சபைக்கு நிகராக, வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர் என்ற தத்துவத்தில் அமைந்த அந்த ஏற்பாடு இன்னும் இளம் பருவத்தில்தான் இருக்கிறது. ஆயினும் வழி சரியானது. தில்லி மாநகராட்சியிலோ வார்டு கமிட்டி என்பது 12 மண்டலங்களுக்கு ஒவ்வொன்றாக, சராசரி இருபதுக்குச் சற்று மேற்பட்ட வார்டுகளின் உறுப்பினர்கள் கூடும் மன்றமாக இருக்கிறது; அதில் சாதாரணக் குடிமகனுக்கு ஆசனமில்லை. ரிங் ரோடின் இருபுறமும், ஒவ்வொரு குடியிருப்புக்கும், சட்டத்தின் பலத்தோடு கூடிய பகுதி சபை ஒன்று தேவை. எல்லாத் துறைகளின் ஸ்தல அதிகாரிகளும் குறித்த நாளில் அதன் முன் வந்து அமர வேண்டும். சென்ற கூட்டத்தின் குறைகளில் எவை தீர்ந்தன, எவை தீரவில்லை, ஏன் என்று எழுத்தில் விடை தர வேண்டும். கட்சிச் சின்னமில்லாத இத்தகைய சபையில், நடத்தை விதிகளுக்கு ஊறின்றி அரசாங்க உத்தியோகஸ்தரும் தம் தெருவைப் பற்றிப் பேச முடியும்.

அதற்கு மேல், புது தில்லி நகராட்சி மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இடமளிக்கும் திருத்தத்தை நாடாளுமன்றமே செய்தாக வேண்டும். 1994-ஆம் ஆண்டின் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியதே. தேசியப் பாதுகாப்புக்கு உரிய சில பகுதிகளையும் அதிகாரங்களையும் மத்திய அரசாங்கம் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். தெருவிளக்கும் குடிநீரும் குப்பையும் பூங்காவும் எந்த வகையிலும் அவற்றில் சேரா. தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுத் தலைநகரில் அமர்ந்திருக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள், தாம் தங்கியிருக்கும் நகரத்தின் இரண்டரை லட்சம் மக்களுக்கு, தம் சொந்தத் தொகுதியின் பேரூராட்சி வாசிக்குள்ள உரிமையேனும் கிடைக்க வேண்டுமென்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்து வாதாட முன்வர வேண்டும்.