வாத்தியார் வேலையா... போரா?

'டீச்சராகப் போறேன்'னு சொன்னா, 'ஏன்டா, வேற வேலை கிடைக்கலையா?'ன்னு கேட்கிற கும்பல் உங்க கேங்லயும் இருக்கும். அவங்களுக்கு இந்த வாரம் கேப்டன் வால்டர் டயட்டை அறிமுகப்படுத்தி வைங்க ஃப்ரெண்ட்ஸ்!

கேப்டன்னதும் கிரிக்கெட்டுக்குப் போயிடாதீங்க. அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு ஹைஸ்கூல் பேண்ட் மாஸ்டர் இவர். ராணுவப் படைப்பிரிவு ஒன்றின் பேண்டை நடத்தியதால் வந்த பட்டம் அது. டாக்டராகிற எண்ணத்தோடு படித்தவர், குடும்பத்தைக் காப்பாற்ற வயலினைக் கையில் எடுத்தார். 1931-ல் வெண்டல் ஃபிலிப்ஸ் பள்ளியில் பேண்ட் பொறுப்பு. 1935-ல் டூசாபிள் பள்ளி திறந்ததும் அங்கே போனவர், 1962 வரை நகரவே இல்லை!

ஆள் செம ஸ்டிரிக்ட். முழு பேண்டும் முழங்கும்போது யாரோ ஒருத்தர் தப்பா வாசிச்சாலும், அது யார்னு காதாலேயே கண்டுபிடிச்சிடுவார். சாக்ஸஃபோன்தான் வேணும்னு வந்து நின்ற ஜானி கிரிஃபின் கையில் கிளாரினெட்டைக் கொடுத்து, 'முதல்ல இதைக் கத்துக்கோ'ன்னுட்டார். பையனுக்குக் கடுப்பாத்தான் இருந்திருக்கும். ஆனா, 1945-ல் பள்ளி முடிஞ்ச கையோட லயோனல் ஹாம்ப்டன் இசைக்குழுவில் சேர்ந்துட்டார் கிரிஃபின். நாட் கிங் கோல், ஜீன் அம்மன்ஸ், வான் ஃப்ரீமேன்... ஜாஸ் உலகில் கலக்கிய இவங்க எல்லாருமே கேப்டனோட பசங்கதான்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு? அவை கறுப்பின மாணவர்கள் படித்த பள்ளிகள். சிம்பொனி குழுக்கள் கறுப்பர்களுக்குக் கதவைத் திறக்காத காலம். வெளியே அவங்களுக்கு ரெண்டாவது சான்ஸ் கொடுக்க யாரும் கிடையாது. கிடைக்கிற ஒரே சான்ஸில் ஜெயிக்கணும்னா, நோட்ஸைப் பார்த்த உடனே வாசிக்கணும், நேரத்துக்கு வந்து நிற்கணும். அதைத்தான் தினமும் பழக்கினார். பணத்துக்கு? மாணவர்களை வைத்தே 'ஹை-ஜிங்க்ஸ்'னு வருஷா வருஷம் ஒரு மேடை ஷோ. அந்த வசூலில் பேண்டுக்கு வேண்டியதை வாங்கினார்.

இவரிடம் படித்த ரிச்சர்ட் டேவிஸ், பேஸ் வாசிப்பில் உலகப் புகழ் பெற்றவர். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? 1977-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, ஏறக்குறைய 40 வருஷம் பாடம் நடத்தினார்!

கேப்டன் 1969-ல் இறந்தார். அவர் பெயரில் சிகாகோவில் ஒரு பள்ளி உருவானது. 2015-ல் அதை இழுத்து மூடினாங்க. பெற்றோரும் ஊர்க்காரர்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தாங்க. 2016-ல் அது கலைப் பள்ளியாக மறுபடி திறந்தது.

மூடின பள்ளிக்காக ஜனங்க பட்டினி கிடந்து போராடினாங்க. அந்தப் பள்ளியின் வாசலில் இருக்கிறது ஒரு பேண்ட் வாத்தியாரின் பெயர். இப்ப சொல்லுங்க பாஸ், வாத்தியார் வேலை வேற வேலை கிடைக்காதவங்க பார்க்கிற வேலையா?