உள்வாடகைக்கு விடப்பட்ட கைபேசி

ஆவணங்களைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கித் தரும் காம்ஸ்கேனர் செயலி நம்மூரிலும் பலரது கைபேசியில் இருந்தது. கூகுள் பிளேயில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேல் தரவிறக்கப்பட்ட அந்தச் செயலியை 2019 ஆகஸ்டில் இணையப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அதிலிருந்த விளம்பர நிரல்தொகுப்பு ஒன்றுக்குள் ‘நெக்ரோ’ என்ற தீநிரல் பதுங்கியிருந்தது. வெளியிலிருந்து வேறு நிரல்களை வரவழைத்து இயக்க அதனால் முடியும். அந்தச் செயலியைக் கூகுள் நீக்கியது. அடுத்த ஆண்டு இந்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளிலும் காம்ஸ்கேனர் இருந்தது.

நெக்ரோ என்ன ஆனது? 2024இல் அது வூட்டா கேமரா என்ற புகைப்படச் செயலியில் மீண்டும் அகப்பட்டது. இம்முறை தீநிரலின் ஒரு பகுதி பிஎன்ஜி படம் ஒன்றுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குத் தடை போட்டோம். உள்ளே குடியிருந்தது வேறு வீடு பார்த்துக்கொண்டது.

செயலிகளைப் பெயர் சொல்லித் தடை செய்வதால் மட்டும் தீராத சிக்கல் இது. இன்று அநேகமாக எந்த நிறுவனமும் செயலியை முழுக்கத் தானே எழுதுவதில்லை. விளம்பரம் காட்ட, பயன்பாட்டை அளக்க, வரைபடம் சேர்க்க எனப் பிறர் எழுதிய எஸ்டிகே தொகுப்புகளை எடுத்துக் கோக்கிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால், ஆண்ட்ராய்டில் நாம் கொடுக்கும் அனுமதி செயலி முழுமைக்கும் உரியது. இருப்பிடம் பார்க்கலாம் என்று ஒரு வானிலைச் செயலிக்குச் சம்மதித்தால், அதற்குள் இருக்கும் விளம்பரத் தொகுப்பும் அதே சம்மதத்தில் இருப்பிடத்தைப் பார்க்கும். உரிமையாளருக்குத் தெரியாமல் விட்ட உள்வாடகை இது. சில இடங்களில் கூலியும் உண்டு: மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தன் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளச் செயலி உருவாக்குநர்களுக்குப் பணம் கொடுத்தது 2022இல் வெளிவந்தது. தொழுகை நேரம் காட்டும் செயலியும் அதற்குத் தப்பவில்லை.

இப்படி உள்ளே இருக்கும் தொகுப்புகளைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆண்ட்ராய்டுச் செயலி என்பது ஒரு ஜிப் கோப்புதான். திறந்து, உள்ளிருக்கும் பெயர்களைத் தெரிந்த தொகுப்புகளின் பட்டியலோடு ஒப்பிடலாம். பிரான்சின் எக்ஸோடஸ் பிரைவசி அமைப்பு இதைத்தான் இலவசமாகச் செய்து வெளியிடுகிறது. ஆனால், வெளியிடும் முன் நிரலின் பெயர்களையெல்லாம் ‘அ’, ‘ஆ’ என்பதுபோல் சுருக்கிக் குலைப்பது வழக்கமாகிவிட்டது. அதன் பிறகு கட்டமைப்பை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். கணினியில் உருவகப்படுத்திய கைபேசியில் ஓட்டிப் பார்ப்போம் என்றால், 2023இல் பிடிபட்ட ஸ்பின்ஓகே என்ற தீநிரல் தொகுப்பு, உணரிகளின் அளவீடுகளைப் பார்த்தே தான் இருப்பது ஆய்வகமா, மனிதர் கையா என்று ஊகித்துக்கொண்டது. இத்தனை வேலையையும் பேருந்தில் நின்றபடி செயலி நிறுவும் பயனர் தலையில் கட்டுவது அநியாயம். ‘பார்த்து அனுமதி கொடுங்கள்’ என்னும் அறிவுரை பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியன்றி வேறல்ல.

பொறுப்பு செயலியை வெளியிடுபவருடையது. தன் செயலியில் யார் யாருடைய நிரல், எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை அவர் பொதுவில் வைக்க வேண்டும். மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான வழிகாட்டுதலை இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024இல் வெளியிட்டது நல்ல தொடக்கம். ஆனால் வழிகாட்டுதல் போதாது. வங்கி, கடன், மருத்துவம், அரசுச் சேவை ஆகிய செயலிகளுக்காவது இந்தப் பட்டியல் கட்டாயமாக்கப்பட வேண்டும். பட்டியலை வெளியிட்டால் தாக்குபவர்களுக்கு உதவும் என்கிறார்கள். தாக்குபவரால் இன்றே அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க முடியும். பட்டியல் தெரியாமலிருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். சிறு நிறுவனங்களுக்குச் சுமை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. சோதனைக் கருவிகளையும் ஆய்வக வசதியையும் அரசு இலவசமாகத் தந்து அந்தச் சுமையைக் குறைக்கலாம்.

செயலிக் கடைகளில் உள்ளவற்றை செர்ட்-இன் தானே எடுத்துப் பிரித்துப் பார்த்து முடிவுகளை மாதந்தோறும் வெளியிட வேண்டும். குறையைக் கண்டு சொல்லும் ஆய்வாளர்மீது வழக்குப் பாயாது என்ற உறுதியும் சட்டத்தில் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் சார்பில் பிறர் தரவைக் கையாண்டாலும் நிறுவனமே பொறுப்பு என்கிறது; பாதுகாப்பில் தவறினால் ₹250 கோடி வரை அபராதமும் உண்டு. ‘அது வேறொருவர் எழுதிய நிரல்’ என்ற பதில் இந்தச் சட்டத்தின் முன் செல்லாது என்பதைத் தரவுப் பாதுகாப்பு வாரியம் தன் முதல் வழக்குகளிலேயே தெளிவாக்க வேண்டும்.