தனியாகப் போவது வேறு, சொல்லாமல் போவது வேறு

சனிக்கிழமை காலையில் பத்துமலைக்குப் போனால் வேண்டுதலுக்கு வராத சிலரையும் பார்க்கலாம். முதுகில் பையோடு 272 படிகளையும் ஏறி இறங்கி, மறுபடியும் ஏறுவார்கள். கடந்த ஆண்டு மூன்று மாதம் அவர்களில் நானும் ஒருத்தி. பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கு.

செமஸ்டர் விடுமுறையில் கினபாலு மலைக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "யார்கூட?" என்பதுதான். அண்ணன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்து சுற்றி வந்தபோது யாரும் இதைக் கேட்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மலை?" என்றார் பெரியம்மா. 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட மலேசியர்கள் மகேந்திரனும் மோகன்தாஸும் நம்மவர்கள் என்று பெருமை பேசும் அதே பெரியம்மாதான்!

கினபாலு 4,095 மீட்டர் உயரம். பெர்மிட்டும் வழிகாட்டியும் இல்லாமல் ஏற முடியாது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. கூடவே ஒருவர் வந்தால் அது என்ன தனிப்பயணம்? பிறகு படித்தேன்: 1851-இல் அந்த மலையில் ஏறிய ஹியூ லோவுக்கே கியாவ் கிராமத்து லெமாயிங் என்பவர்தான் வழிகாட்டி. மலை உச்சிக்கு லோவின் பெயரை வைத்துவிட்டார்கள். லெமாயிங்கை யாருக்குத் தெரியும்?

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அம்மா வயதுள்ள ஒரு டூசுன் பெண். முதல் நாள் ஆறு கிலோமீட்டர் ஏறிப் பானாலாபானில் தங்கினோம். அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பும்போதே தலை வலித்தது. பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும் இடத்தில் வாந்தி. சாயாட் சாயாட் சோதனைச் சாவடியில் டார்ச் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தார். "இறங்கலாம்" என்று மலாயில் சொன்னார். கெஞ்சினேன், அழுதேன். அவர் மசியவில்லை. இறங்க இறங்கத் தலைவலி குறைந்தது. உயரத்தால் வரும் நோய்க்கு இறங்குவதுதான் முதல் மருந்து என்பது அவருக்குத் தெரியும். நான் தனியாக இருந்திருந்தால் மேலேதான் போயிருப்பேன்.

2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் அந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. சிக்கிக்கொண்டவர்களைக் கீழே கொண்டுவந்தவர்களிலும் வழிகாட்டிகள் இருந்தார்கள்.

நம் கல்லூரி நண்பர்கள் சிலர் பெர்மிட் இல்லாமல் பக்கத்துக் காட்டு மலைகளுக்குப் போகிறார்கள். வீட்டில் சொல்வது "குரூப் அசைன்மென்ட்". ஏன் பொய் என்று கேட்டால், உண்மையைச் சொன்னால் விடமாட்டார்கள் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் காட்டில் வழி தவறினால், தேடி வரும் தீயணைப்பு மீட்புப் படைக்கு எந்த மலையில் தொடங்குவது என்றே தெரியாதே! இந்தப் பொய்யில் பாதிப் பங்கு பெற்றோருக்கும் உண்டு. "யார்கூட?" என்பதோடு நிறுத்தாமல், "எந்தப் பாதை, பெர்மிட் எடுத்தாயா, எத்தனை மணிக்கு இறங்குவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பதில் சொல்வார்கள். நான் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்பா அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார். அதற்குப் பிறகுதான் அனுமதியே கிடைத்தது.

திரும்பி வந்ததும் பெரியம்மா, "அப்பவே சொன்னேன்ல" என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் பதிவு செய்துவிட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் அம்மாவும் பத்துமலைக்கு வருகிறார். கீழே நின்று, நான் ஏறி இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்.