மூளைப் பயிற்சியா, பாடப் பயிற்சியா?



சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது ‘ஞாபகசக்தியைப் பெருக்கும் மூளைப் பயிற்சி’ என்ற துண்டுப்பிரசுரங்களும் கூடவே வந்துவிடுகின்றன. நீண்ட இலக்கங்களை ஒப்புவித்தல், படங்களைச் சோடி சேர்த்தல், போதாக்குறைக்குக் கைத்தொலைபேசி விளையாட்டுகள். பிள்ளையின் கவனம் கூடும் என்று நம்பிப் பெற்றோரும் காசு கட்டுகிறார்கள். இவற்றால் பரீட்சைப் புள்ளி கூடும் என்று நான் கருதவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 1980 இல் வெளியானது. ஒருவர் வாசிக்கும் இலக்கங்களைக் கேட்டு அதே ஒழுங்கில் திருப்பிச் சொல்ல ஒரு மாணவர் பழகினார். தொடக்கத்தில் ஏழு இலக்கங்கள். ஏறத்தாழ 20 மாதங்களில், 230 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயிற்சியின் பின் 79 இலக்கங்கள்! அவர் ஓட்டவீரர், இலக்கங்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி நினைவில் வைத்தார். ஆனால் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளை வாசித்தபோது ஆறளவில் நின்றுவிட்டார். வளர்ந்தது ஞாபகசக்தி அல்ல, இலக்கங்களைக் கையாளும் உத்தி மட்டுமே.

2010 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தனர். பழகிய விளையாட்டில் முன்னேறினார்கள். பழகாத சோதனைகளுக்கு அது கைகொடுக்கவில்லை.

அப்படியானால் எதைப் பழகுவது? எது பரீட்சைக்கு வருமோ அதையே. வரலாற்றில் கோல்புறூக் 1833, டொனமூர் 1931, சோல்பரி 1947 என்ற மூன்று சீர்திருத்தங்களையும் ஒன்றோடொன்று குழப்பாத மாணவர் குறைவு. பலர் செய்வது என்ன? அதே பக்கத்தை நாலைந்து தரம் வாசிப்பது. பக்கம் கண்ணுக்குப் பழகியதும் பாடமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறீர்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர் 2006 இல் இதனைச் சோதித்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரத்தின் பின் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

ஆகவே ஒருமுறை கவனமாக வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். முதல்நாள் பாதிகூட வராது, எரிச்சலாக இருக்கும். அதற்காக உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள், கொஞ்சம் யோசியுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் புதுத்தாளில் மறுபடி எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

கவனத்துக்கும் தனிப் பயிற்சி தேடவேண்டாம். படிக்கும்போது கைத்தொலைபேசியை அடுத்த அறையில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சுடோக்கு பிடிக்குமென்றால் தாராளமாக விளையாடுங்கள், ஆனால் அதைப் படித்த நேரமாகக் கணக்கு வைக்காதீர்கள். இந்நூலின் மாதிரி வினாக்களையும் விடைப்பகுதியைப் பாராமல் எழுதி முடித்த பின்பே திருத்துங்கள்.