பிரேக் பழுதுக்கு யார் பொறுப்பு?

இருசக்கர வாகன நிறுவனம் ஒன்று தான் விற்ற வண்டிகளில் குறைபாடு இருப்பதாக அறிவித்து அவற்றைத் திரும்ப அழைக்கும்போதெல்லாம் முதலாளித்துவ ஊடகங்கள் அதைப் பாராட்டுச் செய்தியாகவே வெளியிடுகின்றன. ‘வாடிக்கையாளர் பாதுகாப்பே முதன்மை’, ‘தாமாக முன்வந்து எடுத்த நடவடிக்கை’ என்ற சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. இந்த அறிவிப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது.

2019 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் புல்லட், புல்லட் எலக்ட்ரா வகைகளில் சுமார் 7,000 வண்டிகளைச் சோதனைக்கு அழைத்தது. வெளி நிறுவனத்திடமிருந்து வந்த பிரேக் காலிப்பர் போல்ட்டுகளின் முறுக்கு அளவு தரத்துக்கு உரியதாக இல்லை என்பது காரணம். பிரேக் குழாயையும் காலிப்பரையும் இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட் அது. அதே ஆண்டு ஜூலையில் ஹோண்டா நிறுவனம் ஆக்டிவா 125, கிராசியா, ஏவியேட்டர், சிபி ஷைன் ஆகியவற்றின் டிஸ்க் பிரேக் வகைகளில் 50,034 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன்பக்க மாஸ்டர் சிலிண்டரில் குறை. பிரேக் பிடி இறுகிப்போகலாம், முன்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். 2021 டிசம்பரில் மீண்டும் ராயல் என்ஃபீல்டு. இம்முறை கிளாசிக் 350 வகையில் 26,300 வண்டிகள். ஸ்விங் ஆர்மில் பொருத்தப்பட்ட பின் பிரேக் தாங்கி, கால் மிதியை மிகப் பலமாக அழுத்தினால் சேதமடையக்கூடும் என்று கண்டறியப்பட்டது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கும், ஒற்றைச் சேனல் ஏபிஎஸ்ஸும் கொண்ட, அதாவது அந்த வரிசையில் விலை குறைந்த வண்டிகளில்தான் இந்தக் குறை. 2024 பிப்ரவரியில் யமஹா நிறுவனம் ரே இசட்ஆர் 125, ஃபசினோ 125 ஸ்கூட்டர்களில் சுமார் 3 லட்சத்தைப் பிரேக் பிடியின் கோளாறுக்காக அழைத்தது. அவை 2022 ஜனவரி முதல் 2024 ஜனவரி வரை தயாரானவை. இரண்டாண்டு காலம் அந்த ஸ்கூட்டர்கள் ஆலையிலிருந்து வெளிவந்து சாலையில் ஓடிக்கொண்டிருந்தன.

நான்கு முறையும் குறையைக் கண்டறிந்ததாகச் சொன்னது நிறுவனம். எப்போது அறிவிப்பது, என்ன சொற்களில் அறிவிப்பது என்று முடிவு செய்ததும் நிறுவனமே. கோடிக்கணக்கான உழைப்பாளிகளின் உயிர் தொங்கும் ஒரு விஷயத்தில் அரசு எங்கே நின்றது?

சட்டம் யார் பக்கம்?

2012 வரை இந்தியாவில் இதற்கு முறையான ஏற்பாடே கிடையாது. அந்த ஆண்டு வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தனக்குத்தானே ஒரு தன்னார்வ நெறிமுறையை வகுத்துக்கொண்டது. திரும்பப் பெறுதல் சட்ட வடிவம் பெற்றது 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில்தான். அதன் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளிக்கிறது. ஆனால் அதே பிரிவு, உற்பத்தியாளர் தாமே குறையைத் தெரிவித்து நடவடிக்கையைத் தொடங்கினால் அபராதம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. ‘தாமாக முன்வருவதன்’ ரகசியம் இங்கே இருக்கிறது.

அரசே உத்தரவிட்டால் என்ன ஆகும்? 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அபராதம் 10 லட்சம் ரூபாயில் தொடங்கி ஒரு கோடியோடு நின்றுவிடுகிறது. ஒரு கோடி என்பது ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் விலையுள்ள மோட்டார் சைக்கிள்களில் ஐம்பதின் விலை. லட்சக்கணக்கில் வண்டி விற்கும் நிறுவனத்துக்கு இது அபராதமா, கைச்செலவா? மேலும் இந்த விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். பழைய வண்டியை இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வாங்கி ஓட்டும் கட்டுமானத் தொழிலாளியும் காய்கறி வியாபாரியும் இந்த வளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார்கள்.

இதே திருத்தச் சட்டம் ஹெல்மெட் அணியாதவருக்கான அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக்கியது. மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைக்கவும் வழி செய்தது. ஹெல்மெட் அவசியமே, அதில் ஐயமில்லை. ஆனால் ஓட்டுபவரின் தவறுக்குப் பத்து மடங்கு தண்டனை, தயாரிப்பவரின் குறைக்கு மன்னிப்பு என்பது எந்த நீதி?

ஒன்றிய அரசின் சொந்த அறிக்கையின்படி 2022 இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்து நடந்தால் காவல்துறை முதலில் தேடுவது வேகத்தையும் மதுவையும்தான். பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை என்று காயமடைந்தவர் சொன்னால் அதைச் சோதித்து, அதே வகை வண்டிகளின் பிற விபத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சுதந்திரமான அமைப்பு ஏதும் இல்லை. இறந்தவரால் அதையும் சொல்ல முடியாது.

குறை பிறக்கும் இடம்

தரமற்ற போல்ட் எங்கிருந்து வருகிறது? பெரிய நிறுவனம் பெரும்பாலான பாகங்களைத் தானே செய்வதில்லை. அதற்கு வழங்கும் நிறுவனம், அந்த நிறுவனத்துக்கு வழங்கும் சிறு பட்டறை, அதற்கும் கீழே ஒரு கொட்டகை என்று சங்கிலி நீள்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் விலை நசுக்கப்படுகிறது. நசுக்கப்பட்ட விலையைக் கடைசிக் கண்ணியின் தொழிலாளி தன் உடலால் ஈடுகட்டுகிறார். ஹரியானாவின் குருகிராம், ஃபரிதாபாத் பகுதிகளில் வாகன உதிரிபாகப் பட்டறைகளின் பவர் பிரஸ் இயந்திரங்களில் விரல்களை இழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. தொழிலாளியின் விரலைக் காக்கும் சென்சாருக்குச் செலவிட மறுக்கும் உற்பத்தி முறை, முகமறியா ஓட்டுநரின் பிரேக்குக்காகச் செலவிடும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அமைப்புசார் தொழிற்சாலைகளில் இன்று ஏறத்தாழ 40 சதவீதத் தொழிலாளர்கள் ஒப்பந்த முறையில் வேலை செய்கிறார்கள். ஹோண்டா 50,034 வண்டிகளைத் திரும்ப அழைத்த அதே 2019 ஆம் ஆண்டின் நவம்பரில், அந்நிறுவனத்தின் மானேசர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலைத் தொழிலாளர்கள் 2018 செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்தனர். நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரால், ‘இந்தப் பாகம் சரியில்லை, வரிசையை நிறுத்துங்கள்’ என்று மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியாது. குறையை முதலில் காணும் கண் தொழிலாளியுடையது. அந்தக் கண்ணுக்குக் கீழே உள்ள வாயைத்தான் ஒப்பந்த முறை அடைத்து வைத்திருக்கிறது. சங்கம் உள்ள இடத்தில்தான் அந்த வாய் திறக்கும்.

மூலதனம் நூலின் முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் லண்டன் ரொட்டிக் கடைகளைப் பற்றி எழுதுகிறார். ரொட்டியில் கலப்படம் என்று கேட்டு அன்றைய பொதுமக்கள் கொதித்தார்கள். அந்த ரொட்டியை இரவெல்லாம் பிசைந்து நலிந்த தொழிலாளியைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. கலப்பட ரொட்டியும் கசக்கிப் பிழியப்பட்ட உழைப்பும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று மார்க்ஸ் காட்டினார். பழுதான பிரேக்கின் கதையும் அதுவே.

‘சந்தையே திருத்திக்கொள்ளும்’ என்ற வாதம்

நிறுவனங்களின் நற்பெயர் பற்றிய அச்சமே போதும், சட்டக் கெடுபிடி விலையை உயர்த்திவிடும் என்று தாராளமயவாதிகள் வாதிடுகிறார்கள். முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவே இந்த வாதத்தை ஏற்கவில்லை. ரால்ஃப் நேடர் 1965 இல் வாகன நிறுவனங்களை அம்பலப்படுத்தி நூல் எழுதினார். மக்களிடம் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே வாகன ஓட்டிகளின் புகார்களை எவரும் படிக்கலாம். அழைக்கப்பட்ட வண்டிகளில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்று நிறுவனங்கள் காலாண்டுதோறும் அரசுக்குக் கணக்குத் தர வேண்டும். இங்கே, திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிடுவதில் காட்டும் ஆர்வத்தை, எத்தனை வண்டிகள் திருத்தப்பட்டன என்று மக்களுக்குச் சொல்வதில் எந்த நிறுவனமும் காட்டுவதில்லை. விலை உயர்வு பற்றிய கவலையும் போலியானது. பழுதான பிரேக்கின் விலையை இன்றும் மக்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், மருத்துவமனைக் கட்டணமாகவும் ஈமச் செலவாகவும்.

எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

நிறுவனங்களிடமிருந்து சுதந்திரமான, தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் இடம்பெறும் சட்டபூர்வ வாகனப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் வாகனம் தொழில்நுட்பச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, முடிவுகள் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஏழு ஆண்டு வரம்பு நீக்கப்பட வேண்டும். இரண்டாம் கை உரிமையாளருக்கும் இலவசத் திருத்தமும், வண்டி நிற்கும் நாட்களுக்கான கூலி இழப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். அபராதம் விற்ற வண்டிகளின் எண்ணிக்கைக்கும் மதிப்புக்கும் ஏற்ப உயர வேண்டும். குறையைச் சுட்டிக்காட்டும் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பும், பாதுகாப்போடு தொடர்புள்ள பாகங்களின் உற்பத்தியில் ஒப்பந்த முறை ஒழிப்பும் வேண்டும்.

இவற்றை எந்த நிறுவனமும் தாமாக முன்வந்து தராது. உணவு விநியோகத் தொழிலாளர்களின் சங்கங்கள், வாலிபர் அமைப்புகள், மோட்டார் வாகனத் தொழிற்சங்கங்கள் ஆகியவை ஒரே மேடையில் நின்று இக்கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். வண்டியைச் செய்பவரும் அதை ஓட்டிப் பிழைப்பவரும் ஒரே வர்க்கம். அவர்கள் இணைந்து அழுத்தினால்தான் லாபவெறியின் வேகத்துக்குத் தடை விழும்.